டர்பனில் மருத்துவம் சேரும் மகளுக்கு ஐபேட் அவசியமா?

"மகள் நெல்சன் மண்டேலா மருத்துவப் பள்ளியில் சேரப் போகிறாள். இப்போது எல்லாமே ஐபேடில்தானாம். வாங்கித் தராவிட்டால் பின்தங்கிவிடுவாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே டர்பனில் ஆறு வருடப் படிப்பை முடித்துவிட்டு இப்போது இன்டர்னாக இருக்கிறேன். நான் பார்த்தவரை, இங்கே படிப்பை நடத்துவது டேட்டாவும் மின்சாரமும்தான். கருவி அதற்கு அப்புறம்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது மாணவர்களுக்கு மாதம் 30 ஜிபி டேட்டா கொடுத்தார்கள். பகலுக்கு 10 ஜிபிதான். மீதி 20 இரவில் மட்டுமே செல்லும். சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் ஃபைபர் இருந்ததால் எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. கிராமத்துக்குத் திரும்பியிருந்த என் ஜூலுத் தோழியோ உடற்கூறியல் வீடியோக்களை இறக்குவதற்காக விடிய விடிய விழித்திருந்தாள். பகலில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் எடுத்து, பிறகுதான் புத்தகம். தேர்வு மட்டும் இருவருக்கும் ஒன்று. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அப்புறம் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு. 2022, 2023இல் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லும் எஸ்கொம்செபுஷ் ஆப்பைப் பார்த்துத்தான் எங்கள் படிப்பு நேரமே முடிவாகும். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் எதையும் முன்கூட்டியே இறக்கி வைக்கும் பழக்கம் எங்கள் யாரையும் விட்டுப் போகவில்லை. அன்கி என்ற கேள்வி-பதில் அட்டை ஆப் எங்களிடம் இவ்வளவு பரவியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். படித்தது மறக்கப் போகும் சமயம் பார்த்து அதே கேள்வியைத் திரும்பக் காட்டும். நெட் இல்லாமலும் ஓடும். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபேடில்தான் காசு.

வார்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு நான் மிகவும் மதித்தது வுலா என்ற ஆப். டாக்டர் வில்லியம் மாஃபம் தொடங்கியது, முதலில் கண் நோயாளிகளுக்காக. கிராமத்து ஆஸ்பத்திரி டாக்டர் விவரத்தையும் படத்தையும் அனுப்பினால், நகரத்து நிபுணர் அங்கிருந்தே வழி சொல்வார். ஒரு மூதாட்டி நெரிசலான வேன் டாக்ஸியில் பல மணி நேரம் இடிபட்டு வருவது மிச்சமாகும். நிபுணர் முதலில் எதைக் கேட்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று சீனியர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே நோயாளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லக் கற்றேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் அது அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை.

ஒன்றை மட்டும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நோயாளியின் புண்ணையோ எக்ஸ்ரேயையோ படமெடுத்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போடவே கூடாது. 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டம் முழுமையாக அமலில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், படுக்கையில் கிடப்பவருக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. அதை நாம்தான் உணர வேண்டும்.

சரி, எதை வாங்குவது? நடுத்தர விலையில் ஒரு லேப்டாப், பெரிய பவர் பேங்க், கோட்டுப் பையில் அடங்கும் ஒரு நோட்டு. மிச்சப் பணத்தை மாத டேட்டாவுக்கு ஒதுக்குங்கள். படம் வரைந்து படிக்கிற பிள்ளையென்றால் டேப்லெட் உதவும்தான். முதல் வருடம் போகட்டும், அவளே கேட்டால் யாராவது சீனியர் விற்கும் பழையது ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.