மேடானுக்கு வருகிறவர்கள் கம்போங் மெட்ராஸில் வீடு எடுக்கலாமா?

தம்பி, பாமாயில் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைத்து மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தையோடு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள மேடானுக்கு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே கம்போங் மெட்ராஸ் என்று ஒரு தமிழர் பகுதி இருக்கிறதாமே, அதில் வீடு எடுத்தால் தமிழிலேயே காலம் தள்ளிவிடலாமா, சைவச் சாப்பாட்டுக்கு வழி உண்டா, குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, கோவிலுக்கு நடந்து போகிற தூரத்திலேயே குடியிருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். வீடு தாராளமாக எடுங்கள். குடும்பத்தோடு இருக்க நல்ல இடம். ஆனால் தமிழிலேயே காலம் தள்ளலாம் என்ற எண்ணத்தை மட்டும் ஊரிலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

பெயரைக் கேட்டதும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாதிரி மனதில் ஒரு படம் வரும். அது இல்லை இது. தமிழ்ப் பெயர்ப்பலகை தேடினால் அதிகம் கிடைக்காது. தெருவில் ஓடுகிற மொழி இந்தோனேசிய மொழி, அதற்கு அடுத்தபடி சீனர் கடைகளில் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி. ஜாலான் என்றால் இங்கே சாலை. ஜாலான் தெயுக்கு உமாரில் மாரியம்மன் கோவில் கோபுரம், இரண்டு எட்டு வைத்தால் சன் பிளாசா என்ற பெரிய மால், ஜாலான் ஜைனுல் அரிஃபினில் தென்னிந்திய முஸ்லிம்கள் ஏற்படுத்திய கௌதியா பள்ளிவாசல், பக்கத்தில் சீக்கியர் குருத்வாரா, நடுநடுவே சீனர்களின் மாடிக் கடைவீடுகள், மேற்குச் சுமத்ராவைச் சேர்ந்த மினாங்காரர்களின் சாப்பாட்டுக் கடைகள், ஒரு பக்கம் பாபுரா ஆறு. எல்லாம் சின்ன இடத்துக்குள். அரசு ஆவணத்தில் இதில் ஒரு பகுதி 'மெட்ராஸ் ஹுலு' என்றே இருக்கிறது, உங்கள் முகவரியிலும் அது வரலாம்.

இங்கே இருக்கிற தமிழர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் பலரும் இவர்கள் விஷயத்தில்தான் தடுமாறுகிறார்கள். 1863-இல் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் மேடானைச் சுற்றியுள்ள டெலிப் பகுதிக்கு வந்து புகையிலை போட்டார். 1869-இல் டெலி மாட்சப்பை என்ற புகையிலைக் கம்பெனி வந்தது. சுருட்டின் மேலே சுற்றுகிற இலைக்கு டெலிப் புகையிலை உலகம் முழுக்கப் பேர் வாங்கியது, தோட்டங்கள் பெருகின, ஆள் தேவைப்பட்டது. சீனர்கள், ஜாவாக்காரர்களோடு நம்மவர்களும் பினாங்கு வழியாக வந்து சேர்ந்தார்கள். தமிழர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சாலை போடுவது, வடிகால் வெட்டுவது, மாட்டுவண்டி ஓட்டுவது. அவர்கள் பின்னால் வியாபாரிகளும் நகரத்தாரும் வந்தார்கள். மாரியம்மன் கோவில் 1884-இல் எழும்பியது. நகரத்தார் கட்டிய சுப்பிரமணியர் கோவில் தனியாக இருக்கிறது. அப்படி வந்தவர்களின் நாலாம், ஐந்தாம் தலைமுறைதான் இன்று உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கப்போகிறவர்கள். அவர்கள் இந்தோனேசியக் குடிமக்கள். மலேசியாவில் இருப்பதுபோல் அரசுத் தமிழ்ப் பள்ளி இங்கே கிடையாது, படிப்பு எல்லாமே இந்தோனேசிய மொழியில். ஆகவே பாட்டி தமிழ் பேசுவார், அம்மா பாதி பேசுவார், பிள்ளைக்குப் புரியும், பதில் இந்தோனேசிய மொழியில் வரும். அந்தப் பேச்சை நீங்கள் திருத்தப் போகாதீர்கள் தம்பி. ஊரிலிருந்து வருகிற படித்தவர்கள் சிலர், 'உங்களுக்குச் சரியாகத் தமிழ் வரவில்லையே' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள், கேட்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்காது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத ஊரில் இத்தனை தலைமுறை அம்மனையும் காவடியையும் கைவிடாமல் வைத்திருக்கிற மக்கள் இவர்கள். நாம் நேற்று வந்தவர்கள்.

இன்னொன்று. இந்த இடத்தின் பழைய பெயர் கம்போங் கெலிங். வயதானவர்கள், ஆட்டோக்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள், வழி கேட்டால் சில சமயம் அந்தப் பெயர்தான் புரியும். ஆனால் இங்குள்ள தமிழர் பலருக்கு அது இழிவாகப் படுகிற சொல், அதனால்தான் மெட்ராஸ் என்று மாறியது. நீங்கள் சொல்ல வேண்டாம்.

சரி, மொழி. வருவதற்கு முன்னாலேயே இந்தோனேசிய மொழியைக் கற்க ஆரம்பியுங்கள், உங்கள் மனைவியும் சேர்ந்து. உங்களுக்காவது அலுவலகத்தில் ஆங்கிலம் தெரிந்த நாலு பேர் இருப்பார்கள். காய்கறிக்காரியிடமும் தண்ணீர் கேன் கொண்டுவருகிற பையனிடமும் பேசப்போவது அவர்தான். எழுத்து ரோமன் எழுத்து, வினைச்சொல் காலத்துக்குக் காலம் மாறாது, கொஞ்ச மாதத்தில் கடைவீதிப் பேச்சு வந்துவிடும். ஆண்களை 'பாங்' அல்லது 'பாக்', பெண்களை 'காக்' அல்லது 'இபு' என்று கூப்பிட்டுப் பழகுங்கள், முறை வைத்துக் கூப்பிடாமல் பேச்சைத் தொடங்குவது இங்கே மரியாதைக் குறைவு. நம் ஊர் அண்ணன், அக்கா பழக்கம்தான், சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வீடு வாடகையைப் பெரும்பாலும் வருஷக் கணக்கில் முன்பணமாகக் கேட்பார்கள், மாதாமாதம் கொடுப்பது அறைகளுக்கும் சில அடுக்குமாடிகளுக்கும்தான். எனவே கம்பெனி வீட்டு வாடகைக்கு எப்படிப் பணம் தருகிறது, மாதம் மாதமா அல்லது மொத்தமாகவா என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். அலுவலகம் நகரத்திலா பெலாவானிலா என்பதையும் கேளுங்கள். துறைமுகம் பெலாவான், நகர மையத்திலிருந்து வடக்கே சுமார் 25 கி.மீ. சுங்கச்சாலை இருக்கிறது, ஆனால் கன்டெய்னர் லாரியும் எண்ணெய் டேங்கரும் நெருக்கிக்கொண்டு போகிற வழி. வேலை பெலாவானில் என்றாலும் வீட்டை அங்கே எடுக்க வேண்டாம், கடல் ஏற்றத்துக்குத் தெருவில் தண்ணீர் ஏறுகிற ஊர் அது. குடும்பம் நகரத்தில் இருக்கட்டும், நீங்கள் போய் வாருங்கள்.

கம்போங் மெட்ராஸிலும் ஆற்றங்கரையை ஒட்டிய சந்துகளில் வீடு பார்த்தால் கவனம் தேவை. மேடானில் இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தாலே பல இடங்களில் தண்ணீர் நிற்கும், பாபுராவும் டெலி ஆறும் கரை தாண்டுகிற வருஷங்கள் உண்டு. தரகர் ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள், சுவரில் கறை இருக்கிறதா பாருங்கள். மின்சாரம் பல வீடுகளில் முன்கட்டண மீட்டர், ஃபோனில் டோக்கன் வாங்கி 20 இலக்க எண்ணை மீட்டரில் அழுத்த வேண்டும், தீரப்போகும்போது அது கத்த ஆரம்பிக்கும். பிளக் ஐரோப்பிய உருண்டை இரண்டு முள், நம் ஊர் மூன்று முள் மிக்ஸி, கிரைண்டருக்கு அடாப்டர் எடுத்துவாருங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், எல்லாரும் 'காலோன்' என்ற 19 லிட்டர் கேன்தான். கேஸில் 3 கிலோ பச்சைச் சிலிண்டர் ஏழைகளுக்கு அரசு மானியத்தில் தருவது, அதை வாங்காமல் 12 கிலோ வாங்குங்கள்.

குடிவந்த உடனே 'கெப்லிங்' யார் என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள். அந்தச் சில தெருக்களுக்குப் பொறுப்பானவர் அவர். புதிதாக வந்தவர்கள், தங்கவந்த விருந்தாளிகள்கூட 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது இங்கே நடைமுறை. பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அனுமதி நகல் கொண்டுபோங்கள். ஏதாவது ஒன்று என்றால் முதலில் வந்து நிற்கப்போகிறவர் அவர்தான், அதனால் இதைச் சடங்காக நினைக்காதீர்கள். இந்தியத் துணைத் தூதரகமும் மேடானிலேயே இருக்கிறது, அங்கேயும் பதிந்துவையுங்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, சமைத்துச் சாப்பிட்டால். கறிவேப்பிலை மேடான், ஆச்சே சமையலிலேயே உண்டு, கட்டுக்கட்டாகக் கிடைக்கும். தேங்காய், புளி, இஞ்சி, மஞ்சள், பச்சை மிளகாய்க்குக் குறைவே இல்லை. காரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் பெரஸ்தாகி மலையிலிருந்து புதிதாக இறங்கும். சந்தையை இந்த ஊரில் 'பாஜாக்' என்பார்கள், காலையிலேயே போய்விடுங்கள். அங்கே மிளகாய், மஞ்சள், இஞ்சி எல்லாவற்றையும் ஈரமாக அரைத்து விழுதாக விற்பார்கள், குழம்புக்கு அருமையாக இருக்கும். பருப்பும் உளுந்தும் கோவிலைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளில் வாங்கலாம். சிரமம் அரிசியில்தான். இங்குள்ள அரிசி குழைந்து ஒட்டும், புழுங்கல் அரிசி லேசில் அகப்படாது, இட்லிக்கு நாங்கள் பினாங்கு போகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்கிறோம். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை, யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள். முன்பு பெலாவானிலிருந்து பினாங்குக்குக் கப்பலே ஓடியது, அது நின்றுபோனது எங்களுக்கெல்லாம் பெரிய இழப்பு.

வெளியே சாப்பிடும்போது 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் 'தெராசி' என்ற இறால் விழுது போடுவார்கள், கீரையிலும் நெத்திலி கிடக்கும், சைவக் குழம்பு என்று நினைப்பது கோழி வேகவைத்த தண்ணீரில் செய்ததாக இருக்கும். மீன், இறால், தெராசி, கோழி, முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். மேடானில் பௌத்தச் சீனர்கள் நடத்துகிற சைவ உணவகங்கள் நிறைய உண்டு, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். டெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டி, தோஃபு வாங்கிக் குழந்தைக்குப் பழக்குங்கள், இங்கே அது அன்றாட உணவு. நீங்கள் அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் மாலையில் ஜாலான் பாகாருயுங் பக்கம் போங்கள், மார்த்தபாக்கும் ரொட்டி சானையும் ஆட்டுக்கறிக் குழம்பும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

கோவில் உங்களுக்குப் பெரிய துணை. பூஜைக்காக மட்டும் சொல்லவில்லை, நல்ல மருத்துவர் யார், வீட்டு வேலைக்கு யார் வருவார், எந்தத் தெருவில் வீடு காலியாகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தைப்பூசத்துக்குக் காவடி உண்டு, தீபாவளிக்குக் கூட்டம் நிறையும். ஆனால் தீபாவளி இங்கே தேசிய விடுமுறை இல்லை, இந்துக்களுக்கென்று அரசு விடுமுறை பாலியில் கொண்டாடுகிற ஞெப்பி நாளுக்குத்தான். லீவு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெளியூர் விருந்தாளி வந்தால் தஞ்சோங் செலாமட்டில் உள்ள வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குக் கூட்டிப்போங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார் ஜேம்ஸ் பாரதபுத்ரா முன்னின்று கட்டியது, 2005-இல் திறந்தார்கள், பார்ப்பதற்கு இந்துக் கோவில் கோபுரமும் முகலாய மாளிகையும் சேர்ந்த தோற்றம். எல்லா மதத்தாரும் வருகிறார்கள்.

பள்ளிக்கு வருவோம். கம்பெனி செலவை ஏற்றுக்கொள்கிறது என்றால் ஆங்கிலவழி சர்வதேசப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், சில வருஷத்தில் இந்தியா திரும்புவதாக இருந்தால் அதுதான் சரி. நீண்ட காலம் இருக்கும் எண்ணம் என்றால், என் கருத்தில், மழலையர் வகுப்பையாவது சாதாரணத் தனியார் பள்ளியில் போடுங்கள். நாலு வயதுக் குழந்தை சீக்கிரத்தில் இந்தோனேசிய மொழி பேசிவிடும், அதனாலேயே தெருவில் தோழிகள் கிடைப்பார்கள். பிறகு மேல் வகுப்புகளில் மதக் கல்வி கட்டாயப் பாடம், தன் மதத்தையே படிக்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2003-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது, ஆனால் இந்து மதப் பாடத்துக்கு ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் இருக்கமாட்டார். சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். தமிழ் எழுத்து வீட்டில்தான், அதை நீங்கள் இருவரும் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மனைவி வேலைக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உங்களைச் சார்ந்து வரும் குடியிருப்பு அனுமதியில் அவர் வேலை பார்க்க முடியாது, அதற்குத் தனியாக ஒரு நிறுவனம் அனுமதி எடுக்க வேண்டும். வீட்டிலேயே அடைந்து கிடந்தால் முதல் வருஷம் மிகவும் கஷ்டமாக இருக்கும். கோவிலில் பூக்கட்ட, அன்னதானத்துக்குக் காய் நறுக்க வரச் சொல்லுங்கள், அங்கே வருகிற அக்காமார் நல்லவர்கள், மொழியும் தானாக வரும்.

உடம்புக்கு ஏதாவது பெரிதாக வந்தால் மேடான்காரர்களே பினாங்குக்குத்தான் ஓடுகிறார்கள், எனவே கம்பெனி மருத்துவக் காப்பீடு மலேசியாவில் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்கிற வெளிநாட்டவரும் அரசின் பிபிஜேஎஸ் காப்பீட்டில் சேர வேண்டும், அதைக் கம்பெனிதான் செய்து தரும். தெருவில் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், பைக்கில் வந்து பிடுங்குவது இந்த ஊரில் அடிக்கடி நடக்கிறது. தோள்பையைச் சாலைப் பக்கம் தொங்கவிட வேண்டாம் என்று மனைவியிடமும் சொல்லுங்கள்.

முடிந்தால் நீங்கள் முதலில் தனியாக வந்து ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கி, வீட்டை நேரில் பார்த்துப் பணம் கட்டிவிட்டுப் பிறகு அவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். குவாலானாமு விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கே ரயில் இருக்கிறது, இரண்டு சூட்கேஸோடு சமாளிக்கலாம். அக்டோபர், நவம்பர் மழைக்காலமாக இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், வீடு பார்க்க அதுவே சரியான நேரம்.