வீட்டுப் புல்வெளியில் பாசியை அடியோடு ஒழிப்பது எப்படி?

மருந்து ஊற்றியும் பாசி திரும்ப வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் மரநிழல் இருக்கும், புல்லையும் ஒட்ட வெட்டுவீர்கள் என்றே நினைக்கிறேன். குன்னூரில் நாங்கள் ஐந்து ஆண்டுகள் அதைத்தான் செய்தோம்.

அப்பா நட்ட கிகுயூ புல் அது. ஐப்பசி மழை முடிந்தால் சில்வர் ஓக் மரங்களின் அடியில் பாதிக்குமேல் பாசிதான். அன்னபேதியைக் கரைத்து ஊற்றுவோம். உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டால் கிடைக்கும். பாசி கறுத்துச் செத்துவிடும். அடுத்த மழைக்கு அதே இடம் பச்சை பிடிக்கும்.

ஒரு மார்கழிக் காலையில் அம்மா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். விரலால் நெம்பியதும் ஈரச் சாக்கைப்போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. பாசிக்கு வேர் கிடையாது. அடியில் மண், மிதித்து மிதித்துக் களம்போல் இறுகிக் கிடந்தது. புல்லின் வேர் இறங்க வழியே இல்லை.

தாழ்ந்த கிளைகளைக் கழித்தோம். மரத்தையே வெட்டச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரும்பு முள்ளால் அரையடிக்கு ஒரு குத்து குத்தி, துளைகளில் மணலும் மக்கிய எருவும் தள்ளினோம். ஓரத்தில் வடிகால் வெட்டினோம். புல்லை 2 அங்குலத்துக்குக் கீழே இப்போது வெட்டுவதில்லை. மண் பரிசோதனையில் பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்) 4.8, அதாவது புளிப்பு அதிகம் என்று வந்த பிறகே அதை முறிக்க டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடி போட்டோம். தேயிலைக்குப் போடுகிறார்களே என்று பரிசோதிக்காமல் அள்ளி வீசாதீர்கள். அன்னபேதி இன்றும் வாங்குகிறேன், சதுர மீட்டருக்கு 20 கிராம்தான். சிமெண்டுத் தரையில் சிந்தினால் துருக்கறை லேசில் போகாது. பிளீச்சிங் பவுடர் போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், புல்லும் சேர்ந்து கருகும்.

இரண்டு மழைக்காலம் ஆயிற்று. மேற்கு மூலையைத் தவிர எங்கும் பாசி இல்லை. அந்த மூலைக்கு மேலே கட்டிய விடுதியின் கூரைத் தண்ணீர் முழுவதையும் குழாய் வைத்து எங்கள் நிலத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். மூன்று முறை எழுத்திலேயே புகார் கொடுத்துவிட்டேன். வந்து பார்க்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை.