கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்குத் தனி வகுப்பா, குழு வகுப்பா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. புதியவர்களிடம் சட்டென்று பேசமாட்டாள். வயலின் கற்க ஆசைப்படுகிறாள். தனியாகக் கற்றால் சீக்கிரம் முன்னேறலாம் என்கிறார்கள். குழுவில் சேர்த்தால் நாலு பேரோடு பழகுவாளே என்று எனக்குத் தோன்றுகிறது. எதில் சேர்ப்பது?

பதில்: குழு வகுப்பிலேயே சேருங்கள். கூச்சப்படும் குழந்தைக்கு அதில் ஒரு பெரிய வசதி, பழகுவதற்குப் பேச்சு தேவையில்லை. பக்கத்தில் இருப்பவளோடு ஒரே நேரத்தில் வில்லை இழுத்து, ஒரே நேரத்தில் நிறுத்தினாலே போதும், இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று தொடங்கிவிடும். பேச்சு அப்புறம் தானாக வரும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. 2010-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், 4 வயதுக் குழந்தைகளில் சிலர் சேர்ந்து பாடி, ஆடி விளையாடினார்கள். மற்றவர்கள் அதே விளையாட்டை இசையில்லாமல் விளையாடினார்கள். பிறகு கூட இருந்த குழந்தைக்கு ஒரு சிக்கல் வந்தபோது, இசையோடு விளையாடியவர்களே அதிகம் உதவினார்கள். பெரியவர்களிடமும் இப்படித்தான். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாட்டு, கைவினை, எழுத்து வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்துவிட்டது. ஆனால் பாட்டு வகுப்பில் மட்டும் அது மிக சீக்கிரம் வந்தது. உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு அந்த முதல் சில வாரங்கள்தானே கஷ்டம்!

ஆனால் குழு வகுப்பு என்ற பெயரில் நடப்பதெல்லாம் குழு வகுப்பு ஆகிவிடாது. பத்துக் குழந்தைகளை உட்காரவைத்து ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னால், மற்ற ஒன்பது பேருக்கும் அது காத்திருக்கும் நேரம். கூச்சமுள்ள குழந்தைக்கு எல்லார் முன்னாலும் தனியாக மாட்டிக்கொள்ளும் நேரமும்கூட. சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பாதி நேரமாவது எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்களா? ஒரு குழந்தை தாளம் தப்பினால் ஆசிரியர் அவளை மட்டும் நிறுத்துகிறாரா, அல்லது எல்லாரையும் அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொல்கிறாரா? ஒரு பகுதி ஒருவருக்கு, இன்னொரு பகுதி இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கிறாரா? இந்த மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். தன் பகுதி இல்லாமல் பாட்டு நிறைவடையாது என்று தெரிந்த குழந்தைக்கு, அந்தக் கூட்டத்தில் தனக்கு இடம் உண்டா என்ற சந்தேகமே வராது.

எல்லாரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

சீக்கிரம் முன்னேறுவதைப் பற்றிச் சொல்கிறார்களே, அதிலும் உண்மை இருக்கிறது. வயலினில் வில் பிடிக்கும் கையும் கழுத்து வைக்கும் நிலையும் ஆரம்பத்தில் தவறினால் பின்னால் மாற்றுவது கடினம். கூட்டத்தில் அது ஆசிரியர் கண்ணில் படாமலும் போகலாம். ஜப்பானில் உருவான சுசுகி என்ற வயலின் பயிற்சி முறையிலும் தனி வகுப்பும் குழு வகுப்பும் சேர்ந்தே நடக்கின்றன. உங்களுக்கும் முடிந்தால், முதல் சில மாதங்களுக்கு மட்டும் அதே ஆசிரியரிடம் அவ்வப்போது ஒரு தனி வகுப்பு கேட்டுப் பாருங்கள்.