வாசகர் கேள்வி–பதில்: கடிவாளத்தின் உள்பக்கம்

குதிரைகள் படும் பாட்டைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு, கால்நடை மருத்துவமும் விலங்குநலச் சட்டமும் தெரிந்த எங்கள் குழுவினரின் பதில்கள்.

மெரினாவுக்குப் போனாலே என் மகன் குதிரை ஏற வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அந்தக் குதிரை நல்ல நிலையில் இருக்கிறதா என்று என்னைப் போன்றவர்களால் கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகி, திருவல்லிக்கேணி

முடியும். இரண்டு நிமிடம் போதும். காசு பேசுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

முதலில் வாய். வெள்ளை நுரையைக் கண்டு பதற வேண்டாம். கடிவாளக் கம்பியை மென்றால் எச்சில் நுரைக்கும். நுரை இளஞ்சிவப்பாக இருந்தாலோ, உதடுகள் சேரும் மூலையில் புண்ணோ வெளுத்த தழும்போ தெரிந்தாலோ ஏற்றாதீர்கள். பிறகு, கடிவாளத்தின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒரு வளையமும் வாரும்தான் தெரியும். சில கடிவாளங்களில் அந்த வளையத்துக்கு உள்ளே, உதட்டை ஒட்டி உட்காரும் இடத்தில், பல்சக்கரம் போன்ற இரும்புத் தகடு கோத்திருக்கும். வாரை இழுக்கும்போது அதன் முட்கள் உதட்டிலும் நாக்கிலும் இறங்கும். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கம்பி உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் தாடை எலும்பு விளிம்பு மாதிரி கூராக இருக்கும், மேலே மெல்லிய ஈறு மட்டும்தான். வழுவழுப்பான கம்பியையே பலமாக இழுத்தால் அங்கே வலிக்கும். முள் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "முரட்டுக் குதிரை, இது இல்லாவிட்டால் அடங்காது" என்று காரணம் சொல்வார்கள். வாய் வலிக்கும் குதிரைதான் தலையை உதறும், பின்வாங்கும், முன்கால் தூக்கும். அந்த முரட்டுத்தனத்தில் பெரும்பங்கு கடிவாளமே உண்டாக்கியது.

அடுத்து முதுகு. சேணத்தின் ஓரத்தை லேசாகத் தூக்கச் சொல்லுங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் முடி உதிர்ந்து தோல் பளபளத்தால் சேணம் அங்கே உரசுகிறது. பழுப்புக் குதிரையின் முதுகில் திட்டுத்திட்டாக வெள்ளை முடி இருந்தால் அங்கே முன்பு புண் வந்து ஆறியிருக்கிறது. ஈரப் புண் இருந்தால் அந்தக் குதிரைமேல் யாரையும் ஏற்றக் கூடாது.

நடக்கச் சொல்லிப் பாருங்கள். முன்காலில் நொண்டும் குதிரை, வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது இறக்கும். மணலில் இது சட்டென்று தெரியாது. கெட்டியான தரையில் பத்தடி நடந்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக முகம். குதிரை வலியில் கத்தாது. வேட்டை மிருகத்துக்கு இரையாகும் இனம், நோவைக் காட்டிக்கொடுத்தால் உயிர் போகும் என்பது அதன் உடம்பில் ஊறியது. ஆனால் முகம் மறைக்காது. 2014-இல் இத்தாலி ஆய்வாளர்கள் வெளியிட்ட குதிரை முகவலி அளவுகோல் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: விறைப்பாகப் பின்னுக்குப் போன காதுகள், பாதி மூடிய இமை, கண்ணுக்கு மேலே எலும்பு துருத்தும் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் முகவாயும், விரிந்து விறைத்த மூக்குத்துளை. நின்றுகொண்டே தூங்கும் குதிரைக்கும் இமை பாதி மூடும். ஆனால் அதன் உதடு தளர்ந்து தொங்கும், காது பக்கவாட்டில் சாயும். வித்தியாசம் அங்கேதான்.

எல்லாம் சரியாக இருந்தால் பையனை ஏற்றுங்கள். அப்பாவும் சேர்ந்து உட்கார வேண்டாம். ஏறுபவர், சேணம் இரண்டும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ.

முள் கடிவாளத்தைப் பார்த்தால் யாரிடம் சொல்வது? சட்டத்தில் இடம் இருக்கிறதா?
— வாசகர், மயிலாப்பூர்

தெளிவாக இருக்கிறது. இழுவை மற்றும் சுமை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளில் 8-ஆம் விதி, ஓட்டவோ ஏறிச் செல்லவோ அடக்கி வைக்கவோ முள் கடிவாளத்தையும் கூரான எந்தக் கருவியையும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அடிப்பது, அளவுக்கு மீறி ஏறுவது, சுமை ஏற்றுவது, புண்ணோ நோயோ உள்ள பிராணியை வேலை வாங்குவது, போதிய தீனியும் தண்ணீரும் கொடுக்காதது எல்லாவற்றையும் குற்றம் என்கிறது.

பலவீனம் தண்டனையில்தான். அந்தப் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தொகை. ஒரு சவாரிக் காசைவிடக் குறைந்த அபராதம் யாரையும் தடுக்காது, இதை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் பிராணியைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ நாட்டின் பொதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு பொருந்தும். அதில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

புகார் கொடுக்கும்போது மூன்று படம் எடுங்கள்: வாயும் கடிவாளமும் அருகிலிருந்து, குதிரை முழுவதுமாக, இடம் அடையாளம் தெரியும்படி ஒன்று. தேதி, நேரம், குதிரையின் நிறம், நெற்றிச் சுழி, காலில் வெள்ளை இருந்தால் எந்தக் கால் என்று எழுதுங்கள். பழுப்புக் குதிரை பத்து நிற்கும் இடத்தில் இந்தக் குறிப்புதான் உதவும். காவல் நிலையத்திலும் மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்திலும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "இதற்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது" என்று நிலையத்தில் சொன்னால், மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். காவலர் நிலைக்கு மேலுள்ள அதிகாரி, சந்தேகத்துக்கு இடமான பிராணியைப் பிடித்துக் கால்நடை மருத்துவரின் பரிசோதனைக்கு அனுப்ப அது அதிகாரம் தருகிறது. இன்னொன்று: இந்தச் சட்டத்தின்கீழ் குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்தாக வேண்டும். ஆறப்போட்டால் வழக்கே இல்லை.

சித்திரை வெயிலில் ஒரு வண்டிக்குதிரை நடுரோட்டில் சுருண்டு விழுந்தது. ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள். உண்மையில் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், மதுரை

வண்டியிலிருந்து அவிழ்த்துவிடுவதுதான் முதல் வேலை. ஏர்க்காலின்மேல் விழுந்து கிடந்தால் வார்களை அறுத்துவிடுங்கள், பரவாயில்லை. நீங்கள் முதுகுப் பக்கமாக நில்லுங்கள். எழ முயலும்போது கால்கள் வீசும். நிழலுக்கு நகர்த்த முடியாவிட்டால் நிழலைக் கொண்டு வாருங்கள். ஒரு தார்ப்பாய் போதும்.

பிறகு தண்ணீர். குடம் குடமாக, உடம்பு முழுக்க, நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூடான குதிரைமேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று தடுப்பார்கள். அது தவறு. உயிரைக் காப்பது அந்தத் தண்ணீர்தான். ஈரத்துணி போர்த்தி விட்டுவிடுவதும் தவறு, துணிக்குள் சூடு தங்கிவிடும். ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறி விடுங்கள்.

வாயைப் பிளந்து பாட்டிலால் தண்ணீரோ சோடாவோ எண்ணெயோ ஊற்றவே கூடாது. சோர்ந்த குதிரைக்கு அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தானாகத் தலை தூக்கினால் வாளியை முன்னே வையுங்கள், அதுவே குடிக்கட்டும். கண்ணில் மிளகாய் தேய்ப்பது, வாலை முறுக்குவது, அடித்து எழுப்புவது எல்லாமே வதை.

1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ். அது வரும்வரை எண்ணிக்கொண்டிருங்கள். ஓய்வில் உள்ள குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28–44, மூச்சு 8–16, உடல் வெப்பம் 37.5–38.5 டிகிரி செல்சியஸ். தாடை எலும்பின் அடிவிளிம்பில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வு கொடுத்தும் 60-க்குமேல் நின்றால் ஆபத்து. ஈறை அழுத்தி எடுங்கள். இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

1965 விதிகளில் இதற்கும் விடை இருக்கிறது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணிவரை வண்டி இழுக்கவோ சுமை சுமக்கவோ விடக் கூடாது. ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்பது மணி நேரம், இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரம். அதற்குமேல் வேலை வாங்கினால் குற்றம்.

ஊட்டி ரோட்டில் குதிரைகள் குப்பைத்தொட்டியில் மேய்கின்றன. பாவமாக இருக்கிறது என்று மீந்த சோறு, ரொட்டி கொடுக்கிறோம். சரியா?
— வாசகி, குன்னூர்

மனசு நல்லது, தீனி கெட்டது. குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சிறியது. புல்லைச் செரிக்கும் வேலை பின்குடலில் உள்ள நுண்ணுயிர்களுடையது. சோறும் ரொட்டியும் மொத்தமாகப் போனால் செரிக்காத மாவு பின்குடலில் புளித்து அமிலமாகிறது. வயிற்று வலி வரும். அடுத்த சில நாளில் குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமல் போகும். முன்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கும் குதிரையைப் பார்த்தால் அதுதான். பிளாஸ்டிக் பை, பெருங்குடல் குறுகித் திரும்பும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைக் காலால் பறிப்பது, சாணி போடாமல் புரளுவது, இவை வயிற்று வலியின் அடையாளங்கள். உடனே டாக்டர் வேண்டும்.

கொடுப்பதானால் பச்சைப் புல், காய்ந்த புல், குதிரைமசால், ஒரு வாளி தண்ணீர். வேலை இல்லாத நாளில் குதிரையைத் தெருவில் அவிழ்த்துவிட்டுப் பட்டினி போடுவதும் 11-ஆம் பிரிவில் குற்றம்தான். தெருக்குதிரை என்று ஓர் இனம் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்திருக்கிறார்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வைக்கலாமா?
— வாசகர், கோவை

வேண்டாம். பேண்டு வாத்தியம், பட்டாசு, ஜெனரேட்டர் விளக்கு இவற்றின் நடுவே மிரண்டு ஓட வேண்டும் என்பது அதன் இயல்பு. ஓடவிடாமல் நிறுத்தக் கையில் இருப்பது கடிவாளம் மட்டும்.

நம் ஊர் வெயில் குதிரைக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறார்களே?
— வாசகர், தூத்துக்குடி

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உங்கள் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இதையே எழுதினார். பாண்டிய அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்கியும் வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்பது அவர் கணக்கு. ஆனால் காரணமாக அவர் சொல்லும் விவரத்தைப் பாருங்கள்: பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீனியாகப் போட்டார்கள், விற்ற வணிகர்கள் குதிரை மருத்துவரை இங்கே வரவே விடவில்லை, செத்தால்தானே மறுபடி விற்கலாம். இதில் வெயிலின் குற்றம் கொஞ்சம்தான். குஜராத்தின் கத்தியவாரி, ராஜஸ்தானின் மார்வாரி குதிரை இனங்கள் இதைவிடக் கடும் வெயிலில் பிறந்தவை. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, அதனால் நிழலும் காற்றும் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

தடை செய்யச் சொல்வது எளிது. குதிரையை நம்பிப் பிழைப்பவர் எங்கே போவார்?
— குதிரை வைத்திருக்கும் வாசகர், பழனி

நியாயமான கேள்வி. மும்பையில் விக்டோரியா சாரட்டுகளை 2015-இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்று அறிவித்தபோது, ஓட்டுபவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. பிழைப்பைப் பிடுங்கிவிட்டு விட்டால் குதிரைதான் முதலில் பட்டினி கிடக்கும்.

அதுவரை உங்கள் குதிரைக்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய, பெரும்பாலும் செலவில்லாதது. நெஞ்சுச் சுற்றளவை முன்காலுக்குப் பின்னால் செ.மீ.யில் அளங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளத்தை அளங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் சுமார் 246 கிலோ. தீனியின் ஈரத்தைக் கழித்த கணக்கில், குதிரையின் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு நார்த்தீனி தினமும் வேண்டும். இந்தக் குதிரைக்கு 4 முதல் 5 கிலோ காய்ந்த புல். ஒரே வேளையாக இல்லாமல் நாள் முழுவதும் பிரித்துப் போடுங்கள். கொள்ளு அதற்கு மேல்தான், அதற்குப் பதிலாக அல்ல. தண்ணீர் சாதாரண நாளில் 20 லிட்டருக்குக் குறையாமல், வெயில் காலத்தில் இரு மடங்கு வரை. வியர்த்து உழைத்த நாளில் 30 கிராம் உப்பு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கழற்றிக் குளம்பைச் செதுக்க வேண்டும். தினமும் குளம்படியைச் சுரண்டி எடுங்கள். கறுத்து நாற்றம் வீசினால் அழுகல் தொடங்கிவிட்டது.

முதுகில் புண் வந்துவிட்டால், புண்ணுக்கு நேராகச் சேண மெத்தையில் ஓட்டை வெட்டி வேலை வாங்குவது பழக்கமாக இருக்கிறது. ஓட்டையின் விளிம்பு புதிதாக அழுத்தும், புண் பெரிதாகும். ஆறும்வரை சேணமே வைக்காதீர்கள். சேணம் இரண்டு பக்கமும் தசைமேல் உட்கார்ந்து, முதுகெலும்பின் மேல் கை விரல் நுழையும் சந்து விட வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம்: லாட ஆணி ஏறிய சின்னக் காயம் போதும், குதிரை அளவுக்கு அந்த நோய்க்கு இலக்காகும் கால்நடை வேறில்லை. முதலில் நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. முள் கடிவாளம் இருந்தால் கழற்றிவிட்டு, நடுவில் ஒரே மூட்டு உள்ள வழுவழுப்பான கம்பியைப் போடுங்கள். வாய்ப்புண் ஆறும்வரை வாயில் கம்பி இல்லாத தலைக்கயிறு மட்டும் போட்டுக் கையில் பிடித்து நடத்துங்கள்.