பட்டறைப் பதில்கள்: மைவியின் முதுகில் இரண்டு சைக்கிள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே சாமானைப் பற்றியவை: காரின் பின்கதவில் பட்டை போட்டு மாட்டும் சைக்கிள் ரேக். நான் முப்பது வருஷமாக மலேசியாவின் பினாங்கில், பிறையில் கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கிறவன். ரேக் ஒழுங்காக வேலை செய்தால் எனக்குச் செய்தியே வராது. செய்யாதபோதுதான் கார் என் வாசலில் வந்து நிற்கும். ஆகவே என் பேச்சு கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, எங்களுடையது மைவி கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கணவரும் பினாங்குத் தீவில் இருக்கும் பாலிக் புலாவ் போய் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறோம். ரேக் 150 ரிங்கிட்டிலும் கிடைக்கிறது, 900 ரிங்கிட்டிலும் கிடைக்கிறது. எதை வாங்குவது? பெயின்ட் போய்விடும் என்று கணவர் பயப்படுகிறார்.
– ஒரு வாசகி, பிறை

தங்கச்சி, விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய் காரின் பின்கதவில் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே ஒட்டும், அது தகரம். உச்சியில் தொப்பி விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பாய்லரில் ஒட்டாது, அது பிளாஸ்டிக். ரேக் வாங்குவதில் பாதி விஷயம் இந்தக் காந்தத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஏனென்றால், இரண்டு சைக்கிளின் எடையையும் தூக்கிப் பிடிப்பவை மேல் பட்டைகள்தான். கீழ்ப் பட்டைகள் ரேக் மேலே எம்பாமல் இழுத்து வைக்கும், பக்கவாட்டுப் பட்டைகள் ஆடாமல் பிடிக்கும். மேல் கொக்கி தகர விளிம்பைக் கவ்வ வேண்டும். பட்டை போகிற வழியில் ஸ்பாய்லரின் மேல் ஏறி அதை அழுத்தக் கூடாது. ஸ்பாய்லர் நாலு திருகில் நிற்கிற அலங்காரம். அதன் முதுகில் 25 கிலோவைக் கட்டி மேடு பள்ளத்தில் ஓட்டினால் முதலில் திருகு போட்ட இடத்தில் கீறல் விடும், பிறகு மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

150 ரிங்கிட் ரேக்குகள் பெரும்பாலும் நேர்க் குழாயில் செய்தவை. சாகா, பெஸ்ஸா மாதிரி பூட் (பின்பக்கச் சாமான் பெட்டி) தனியாகத் தட்டையாக இருக்கிற காருக்கு அவை மோசமில்லை. மைவிக்கு வில் மாதிரி வளைந்து ஸ்பாய்லரைத் தாண்டிப் போகும் ரேக் நல்லது. சாரிஸ் கம்பெனியின் போன்ஸ் அந்த வடிவம்தான். வெளிநாட்டுக் கம்பெனிகள் எந்தக் காருக்கு எந்த ரேக் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அதில் மைவி இல்லாவிட்டால் கடைக்காரரிடம், "காரில் மாட்டிக் காட்டுங்கள், அப்புறம் காசு தருகிறேன்" என்று சொல்லுங்கள். மாட்டிக் காட்ட யோசிக்கிற கடையில் வாங்க வேண்டாம். மாட்டும்போது ரேக்கின் ரப்பர் கால் எங்கே உட்காருகிறது என்று கவனியுங்கள். தகரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நடு வயிற்றில் உட்கார்ந்தால் குழி விழும். விளிம்பை ஒட்டியோ, மடிப்பு ஓடுகிற இடத்திலோ உட்கார வேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் பயப்பட வேண்டியது ரேக்குக்கு அல்ல, தூசிக்கு. கம்பெனிப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதில் மேலே பளபளக்கும் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான், ஒரு தலைமுடி கனத்துக்கும் குறைவு. ரப்பர் அதை வெட்டாது. ரப்பருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மணல் ஒரு மணி நேரம் தேய்த்தால் வெட்டும். உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி இரண்டு வட்டங்கள், இதை வாராவாரம் பார்க்கிறேன். மாட்டும் முன் ஈரத்துணியால் காரையும் துடையுங்கள், ரப்பர் காலையும் துடையுங்கள், கொக்கியின் உட்பக்கத்தையும் துடையுங்கள். இரண்டு நிமிஷ வேலை. கால் உட்காரும் இடத்தில் கண்ணாடி மாதிரியான பாதுகாப்பு பிலிம் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் இன்னும் நிம்மதி.

இவ்வளவு பேசுகிறவன் காரிலேயே ஒரு கோடு இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன், விடியற்காலை அவசரத்தில் பட்டைகளை ஒருமுறை இழுத்துவிட்டு, தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏறினேன். 24 கிலோமீட்டர் பாலம், நடுக்கடலில் பக்கவாட்டுக் காற்று. பாதி வழியில் பின்னால் 'ர்ர்ர்' என்று ஒரு முனகல். வண்டி பேரிங் என்று நினைத்து வானொலிச் சத்தத்தைக் கூட்டினேன். தீவுக் கரையில் பத்து மாவுங் என்ற ஊரில் இறங்கிப் பார்த்தால் கீழ்ப் பட்டை ஒன்று தளர்ந்து கிடக்கிறது, சைக்கிள் மிதி ஆடி ஆடி பூட் மூடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்திருக்கிறது. அது மனைவியின் சாகா. பெயின்ட்காரன் வீட்டுக் காரில் பெயின்ட் போனதை அவள் யாரிடமெல்லாம் சொன்னாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அதிலிருந்து எனக்கு மூன்று பழக்கம். புறப்பட்டு ஐந்து நிமிஷத்தில் ஓரமாக நிறுத்திப் பட்டைகளை மறுபடி இழுப்பேன். சைக்கிளின் எடையில் ரேக் கொஞ்சம் இறங்கி உட்காரும், வீட்டு வாசலில் இருந்த இறுக்கம் அங்கே இருக்காது. மிதிகளுக்குப் பழைய துண்டு சுற்றுவேன். பட்டையை மாட்டும்போது ஒரு முறுக்கு விடுவேன். தட்டையான பட்டைதான் காற்றில் அதிர்ந்து முனகும், முறுக்கினால் அடங்கிவிடும். மீதி வாலையும் முடிச்சுப் போட்டு விடுங்கள்.

இரண்டில் கனமான சைக்கிள் காரை ஒட்டி. முன்சக்கரம் திரும்பாதபடி ஒரு கயிறு. தண்ணீர், மாற்றுத் துணி எல்லாம் முதலிலேயே பின்சீட்டில். சைக்கிள் ஏறிய பிறகு பின்கதவைத் திறக்கக் கூடாது, நெம்பித் தூக்கவும் கூடாது. பாலத்தில் வேகம் 80க்கு மேல் வேண்டாம், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தெலுக் கும்பாரிலிருந்து மலையேறி இறங்கும் வளைவுகள் முடிந்ததும் இன்னொரு முறை பட்டையைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் சுங்கை பூரோங் வயல் பக்கம் போய் ஓட்டுங்கள், சமதளம். லக்சா நூடுல்ஸ் உங்கள் கணவர் செலவு.

அண்ணே, சைக்கிளை மாட்டினால் நம்பர் பிளேட் மறைகிறது. அட்டையில் எழுதிப் பின் கண்ணாடியில் ஒட்டினால் போதாதா?
– ஒரு வாசகர், பட்டர்வெர்த்

போதாது தம்பி. நம்பர் பிளேட் தெரியாமல் சாலையில் ஓட்டினால் சம்மன் வரும், "சைக்கிள் மறைத்துவிட்டது" என்பதை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அதிகாரி பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார். முன்சக்கரத்தைக் கழற்றிக் காருக்குள் போடுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும். ரேக்கின் கையை ஒரு பல் மேலே தூக்கிப் பாருங்கள். அதற்கும் மறைந்தால் அந்த ரேக் உங்கள் காருக்கு ஆகாது.

அதோடு ஒன்று. யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பத்து அடி பின்னால் போய் நின்று பாருங்கள். பிரேக் விளக்கும் சிக்னலும் கம்பிகளுக்கு நடுவில் தெரிகின்றனவா? மழை நேரத்து நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்களைக் காட்டுவது அதுதான். குனிந்து புகைக்குழாயையும் பாருங்கள். டயர் அதன் வாய்க்கு நேரே தொங்கினால் ஈப்போ போய்ச் சேருவதற்குள் ரப்பர் வெந்துவிடும்.

அப்பாவுக்கு 24 கிலோ எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கியிருக்கிறோம். இதே ரேக்கில் போடலாமா?
– ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜம்

வேண்டாம். இந்த வகை ரேக்குகளில் பெரும்பாலும் ஒரு சைக்கிளுக்கு 15, 16 கிலோதான் கணக்கு. ரேக்கிலேயே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் 20க்குக் கீழே இறங்காது. நிற்கும்போது 24 கிலோ, ஒரு குழியில் இறங்கி ஏறும்போது பட்டைக்கு அது எவ்வளவோ மடங்கு. பின்சீட்டை மடக்கி உள்ளே படுக்க வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அப்பா தீவுக்குப் போய் ஓட்டத்தான் ஆசைப்படுகிறார் என்றால் ஃபெரியை மறந்துவிடாதீர்கள். பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, ஃபெரியில் உண்டு. 2021 முதல் அதில் கார் ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். எலக்ட்ரிக் என்பதைக் கவுண்டரில் முதலிலேயே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கரையிறங்கினால் ஜார்ஜ்டவுன் முழுக்கச் சமதளம், அப்பாவின் முழங்காலுக்கும் நல்லது.

என் சைக்கிளுக்கு மேல் குறுக்குக் கம்பி இல்லை, பெண்கள் சைக்கிள். எப்படித் தொங்கவிடுவது?
– ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

சீட் தண்டுக்கும் ஹேண்டில் தண்டுக்கும் நடுவில் மாட்டுகிற தற்காலிகக் கம்பி ஒன்று சைக்கிள் கடையில் விற்கிறார்கள். அதை மாட்டித் தொங்கவிடலாம். சாய்த்துக் கட்டிச் சமாளிக்க வேண்டாம், சக்கரம் தரையை நோக்கி இறங்கிவிடும்.

வாராவாரம் கழற்றி மாட்டச் சோம்பலாக இருக்கிறது. ரேக்கைக் காரிலேயே விட்டுவைக்கலாமா?
– ஒரு வாசகர், சுங்கை ஆரா

விட்டுவைத்தால் எனக்கு வேலை வரும், அதனால் நான் தடுக்கக் கூடாதுதான். நம் ஊர் வெயிலில் பட்டையின் நூல் வெளுத்து மொரமொரப்பாகும். அப்படி ஆன பட்டையை நகத்தால் கீறினால் மாவு மாதிரி உதிரும். அந்தப் பட்டையை இழுத்துப் பார்க்கக்கூட வேண்டாம், மாற்றுங்கள். ரப்பர் காலுக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கி வட்டக் கறை விழும். உங்களைக் கேட்காமலே இரவில் கழற்றிக்கொண்டு போகவும் ஆள் இருக்கிறார்கள். பட்டையை அறுக்க ஒரு பேனாக்கத்தி போதும். சைக்கிளுக்கும் அதே கதைதான். வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினால் சைக்கிள் ஃபிரேம், ரேக், காரின் இழுவை வளையம் மூன்றையும் சேர்த்து ஒரு கேபிள் பூட்டுப் போட்டுவிட்டு, கண் படுகிற மேசையில் உட்காருங்கள்.

என் ரேக் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. சாகாவில் உள்ள அந்தக் கோட்டை அடித்து மறைத்துவிடுகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். மனைவி சாவியைத் தரமாட்டேன் என்கிறாள்.