41ஆம் பிரிவுக்கு 400 யூரோவா?

கேள்வி: நான் நெதர்லாந்துக் குடிமகன், பாரிஸில் வேலை. மனைவியிடம் இலங்கைக் கடவுச்சீட்டு. அவருடைய வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்து எட்டு மாதம். பிரிஃபெக்சரிலிருந்து பதிலே இல்லை. ‘நல்ல நிர்வாகத்துக்கான உரிமை, 41ஆம் பிரிவு’ என்று ஐரோப்பியக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டால் உடனே கிடைக்கும், 400 யூரோ ஆகும் என்கிறார் ஓர் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். குறைதீர்ப்பாளரிடம் முறையிடக் கட்டணமே கிடையாது. அதைவிட முக்கியம், உங்கள் வழக்கு அங்கே எடுபடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனத்தில் உள்ள 41ஆம் பிரிவு, ஐரோப்பிய ஆணையம் போன்ற ஒன்றிய அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்தும். பிரிஃபெக்சர் பிரான்ஸ் அரசின் அலுவலகம். 2014இல், நெதர்லாந்து வதிவிட அனுமதி தொடர்பான வழக்கிலேயே லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

இந்த ஏஜென்ட் கடிதங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்றில் பழைய வாடிக்கையாளரின் பிறந்த தேதியைக்கூட மாற்றவில்லை. ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று பதில் வந்தபிறகு அவர்கள் போனை எடுப்பதில்லை.

உங்களிடம் வேறு நல்ல பிடி இருக்கிறது. நீங்கள் சொந்த நாட்டை விட்டு இன்னோர் ஒன்றிய நாட்டில் வேலை செய்கிறீர்கள். அதனால், ஒன்றியக் குடிமக்களும் குடும்பத்தினரும் இடம்பெயர்ந்து வாழும் உரிமை பற்றிய ஒன்றியத்தின் 2004/38 உத்தரவு பொருந்தும்: விண்ணப்பித்ததும் சான்று, ஆறு மாதத்துக்குள் அட்டை. ஆனால் ஒன்று. உங்கள் நண்பர் ஒருவர் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு பிரான்ஸிலேயே இருந்தால் அவருக்கு இது கிடையாது. அவர் எங்கும் இடம்பெயரவில்லை, அதனால் அவர் மனைவிக்குப் பிரெஞ்சுச் சட்டம்தான். ஒரே தெரு, ஒரே கவுன்டர், இரண்டு சட்டம். அவர் கதையைக் கேட்டு நீங்கள் பயப்படவும் வேண்டாம், உங்கள் கதையை நம்பி அவர் காத்திருக்கவும் வேண்டாம்.

விண்ணப்பச் சான்றில் உள்ள தேதியைப் பாருங்கள். ஆறு மாதக் கணக்கு விண்ணப்பம் கொடுத்த அந்த நாளிலிருந்துதான். அதைக் குறிப்பிட்டு பிரிஃபெக்சருக்கு ஒப்புகையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். அப்புறம் ‘சால்விட்’ (SOLVIT) என்ற ஐரோப்பிய ஒன்றியச் சேவையின் தளத்தில் முறையிடுங்கள். அதுவும் இலவசம், நாட்டு அரசுகள் ஒன்றியச் சட்டத்தை மீறும்போது தலையிடத்தான் அது இருக்கிறது. 10 வாரத்துக்குள் தீர்ப்பது அவர்கள் இலக்கு. சட்டத்தில் ஆறு மாதம் என்று எழுதிவிட்டு எட்டாவது மாதமும் ஒரு வரி பதில் போடாத அலுவலகத்துக்காக ஒரு குடும்பம் இவ்வளவு அலைய வேண்டியிருப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

சால்விட் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக நீதிமன்றக் கெடு நிற்காது. வழக்குப் போட்டுவிட்டால் சால்விட் கையில் எடுக்காது. அதனால் சான்றையும் தபால் ரசீதையும் எடுத்துக்கொண்டு, குடிவரவு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த வாரமே கெடுவைக் கேட்டு வையுங்கள்.