கேட் (CAT) தேர்வுக்கு ஆன்லைன் கோச்சிங்: பணம் கட்டும் முன்

கேள்வி: கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். பள்ளிப் படிப்பு தமிழ்வழி. எம்.பி.ஏ. படிக்க, நவம்பரில் ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வு எழுத வேண்டும். கையில் ஆறு மாதம் இருக்கிறது. வார நாளில் 2 மணி நேரம், சனி, ஞாயிறில் 5 மணி நேரம் படிக்க முடியும். ஒரு நிறுவனம் 800 மணி நேர வீடியோ தருகிறது. இன்னொன்றில் வீடியோ குறைவு, மாதிரித் தேர்வுகள் அதிகம், கட்டணம் பாதி. எதில் சேரலாம்?

பதில்: உங்கள் கணக்குப்படி வாரத்துக்கு 20 மணி நேரம், ஆறு மாதத்தில் சுமார் 520 மணி நேரம். அதில் பாதியாவது பயிற்சிக் கணக்குகளுக்கும் மாதிரித் தேர்வுகளுக்கும் போக வேண்டும். மிச்சமுள்ள 260 மணி நேரத்தில் 800 மணி நேர வீடியோவைப் பார்த்து முடிக்க வழியில்லை. ஆகவே இரண்டாவதுதான் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அதையும் இன்றைக்கே வாங்கிவிட வேண்டாம்.

முதலில் 2024 வினாத்தாள் ஒன்றை, கணினியில், நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். ஆங்கிலம் 24, தரவு விளக்கமும் தர்க்கமும் 22, கணிதம் 22 என மொத்தம் 68 கேள்விகள். பிரிவுக்கு 40 நிமிடம். அது முடியாமல் அடுத்த பிரிவுக்குப் போக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்திருக்கும் விடைகளில் தவறானதைத் தேர்ந்தால் 1 கழியும். விடையை நாமே உள்ளிடும் கேள்விகளில் கழியாது.

எழுதி முடித்ததும் விட்ட கேள்விகளையும் தவறியவற்றையும் மூன்றாகப் பிரியுங்கள்: பாடமே தெரியாதவை, தெரிந்தும் நேரம் போதாதவை, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவை. முதல் வகைக்கு மட்டும்தான் வீடியோ வகுப்பு மருந்து. கணிதத்தில் சதவீதம், விகிதம், வேகம்-நேரம், சமன்பாடுகள் தடுமாறினால் அந்தப் பாடங்களை மட்டும் கேளுங்கள். கேள்விகளில் பெரும்பங்கு எண்கணிதமும் இயற்கணிதமும்தான். இரண்டாம், மூன்றாம் வகையை மாதிரித் தேர்வும் அதை அலசுவதும்தான் சரிசெய்யும். தர்க்கப் பிரிவில் எந்த செட்டை (ஒரே தகவலை வைத்து வரும் கேள்வித் தொகுப்பை) எடுப்பது, எதை விடுவது என்று முதல் சில நிமிடங்களில் முடிவெடுக்கும் பழக்கமே பாதி மதிப்பெண். அது வீடியோ பார்த்து வருவதில்லை.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இலக்கண வகுப்பு, 3,000 சொல் பட்டியல் என்று சொல்லி விற்பார்கள். கேட் தேர்வில் இப்போது இலக்கணத்தையும் சொற்பொருளையும் நேரடியாகக் கேட்பதில்லை. 24 கேள்விகளில் 16, நான்கு நீண்ட பத்திகளைப் படித்துப் பதில் சொல்பவை. தத்துவம், வரலாறு, சூழலியல், பொருளாதாரம் என்று எந்தத் துறையிலிருந்தும் பத்தி வரலாம். தினமும் அப்படியான கட்டுரை ஒன்றைப் படித்து, ஆசிரியர் சொல்ல வந்ததை இரண்டு வரியில், தமிழில்கூட, எழுதிப் பாருங்கள். கோர்ஸின் இலவச டெமோவில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பாடம் நடத்துபவர் சரியான விடையை மட்டும் சொல்கிறாரா, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று பத்தியின் வரியைக் காட்டி விளக்குகிறாரா? இரண்டாவதைச் செய்பவரிடம் சேருங்கள். இந்தப் பிரிவை விட்டுவிட்டு மற்றவற்றில் ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், ஐ.ஐ.எம்.கள் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே குறைந்தபட்ச பெர்சென்டைல் (தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரை முந்தினோம் என்ற கணக்கு) கேட்கின்றன.

மாதிரித் தேர்வுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 20 தேர்வு எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று நான்கு மணி நேரம் அலசினாலே ஆறு மாதத்துக்குப் போதும். எந்தக் கேள்விக்கு எத்தனை நொடி செலவானது என்று காட்டுகிறதா, திரையிலுள்ள கால்குலேட்டரை மவுஸால் அழுத்த வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்றும் கேளுங்கள். சில நூறு பேர் மட்டும் எழுதும் தேர்வில் கிடைக்கும் பெர்சென்டைலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 100 கேள்வி, 3 மணி நேரம் என்று இருந்தால் அது 2019 வரையிலான பழைய முறை. 2020இல்தான் தேர்வு 2 மணி நேரமானது. பழைய சரக்கு வைத்திருப்பவர்கள் வீடியோக்களையும் புதுப்பித்திருக்க மாட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, நவம்பருக்குப் பின் நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்குத் தனிப் பணமா, ஜனவரியில் எக்ஸாட் (எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்தும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு) எழுதினால் அதுவரை லாகின் இருக்குமா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்ன வாக்குறுதியைப் பிறகு யாரிடமும் காட்ட முடியாது. மாதத் தவணை என்றால் கூடுதல் கவனம் தேவை. பல இடங்களில் அது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும், தவறினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். முடிந்தால் மாதிரித் தேர்வுத் தொகுப்பை மட்டும் முதலில் வாங்கி, ஒரு மாதம் கழித்துத் தேவையான பாடத்தைச் சேருங்கள்.

விளம்பரத்தில் 99.9 பெர்சென்டைல் எடுத்தவரின் படம் இருந்தால், அவர் அங்கே எந்த கோர்ஸ் படித்தார் என்று கேளுங்கள். மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவரும், நேர்முகப் பயிற்சிக்கு மட்டும் வந்தவரும் அந்தப் படங்களில் இருப்பார்கள். அவர் எடுத்த கோர்ஸ், அதன் காலம் ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், எழுதி வாங்கிய மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.